சாடி திறந்தவள்

கொற்றந்துறை ஆசான் கண்ணந்தையைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் அவர் வருவார், யவன மீகாமன் வருவான், மலைநாட்டுச் சீடன் வருவான். குடித்துத் தீர்த்த சாடிகள்கூட வரும். சேந்தி வரமாட்டாள். அந்தச் சாடிகளை யாரோ ஒருவர் திறந்திருக்க வேண்டும் என்பது கதை சொன்ன ஆண்களுக்குத் தோன்றவில்லை. சாடிகள் தாமாகவே திறந்துகொண்டன போலும்.

அவள் நல்லவள் என்று நிறுவுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவள் செய்தது கேவலமான செயல். கேவலமான செயலைச் செய்தவளுக்கும் கதையில் இடம் உண்டு.

கொற்றந்துறையின் கடலோரத்தில் கண்ணந்தையின் சாடிக்கொட்டில் இருந்தது. பருவக்காற்றோடு யவனக் கப்பல்கள் வரும். கூரிய அடியுடைய சாடிகளில் திராட்சை மது இறங்கும். எரிமலைச் சாம்பலில் வேர்விட்ட கொடியின் மது, கடல்நீர் கலந்து ஆற்றிய தீவு மது, பாலைக்கரையில் பேரீச்சையோடு ஊறிய மது. மலையிலிருந்து மூங்கில் குழாய்களில் தேன் தேறல் வரும். எது எந்த மண்ணில், எவர் தோட்டத்தில் பிறந்தது என்று கண்ணந்தை சுவைத்துச் சொல்வார். அவர் சொன்னதே அந்த மதுவுக்குப் பெயர். கப்பல்காரன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் எடுபடாது.

அங்கே ஒரு முறை இருந்தது. சாடியைத் திறப்பவர் வேறு, பெயரிடுபவர் வேறு. திறப்பவர் உள்ளறையில் மதுவை அடையாளமற்ற குடுவைகளில் வார்ப்பார். சாடியில் உள்ள பெயரை ஓலை நறுக்கில் எழுதி, சுருட்டி, குடுவையின் கழுத்தில் கட்டுவார். பின்னர் எல்லோர் முன்னிலையிலும் முதற்சொட்டைத் தாமே பருகுவார். மது புளித்துப்போகவில்லை, நஞ்சு கலக்கவில்லை என்பதற்கு அதுவே உறுதி. அதன்பின் அவர் வாய் திறக்கக் கூடாது. பெயரிடுபவர் சுவைத்துப் பெயர் சொன்ன பிறகே சுருள் பிரிக்கப்படும்.

பதினெட்டு ஆண்டுகளாகத் திறப்பவள் சேந்தி. அந்தக் கொட்டிலுக்குப் பூட்டு கிடையாது. சேந்தி இருந்தாள்.

அவள் உப்பு விற்கும் உமணர் குலத்தில் பிறந்தவள். உப்பை நாவில் வைத்தே எந்த அளத்து உப்பு என்று சொல்வாள். ஆசானைவிட இரண்டு வயது மூத்தவள். ஆயினும் வாசலில் மூன்று நாள் நின்று, மாணவியாகச் சேர்ந்தாள். முதல் ஏழு ஆண்டுகளில் ஆசான் அவளை இரண்டு முறை "ஆகா" என்று புகழ்ந்தார். இரண்டு முறையும் எந்தக் கிழமை, என்ன மது என்பது அவளுக்கு நினைவிருந்தது.

பிறகு ஆசானுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. இருபது நாள் படுத்திருந்தார். சேந்திதான் கஞ்சி ஊட்டினாள். எழுந்து உட்கார்ந்தவர் அதன்பின் ஒரு முறைகூட அவளைப் புகழவில்லை. காய்ச்சல் அவரிடமிருந்த அன்பை எரித்துவிட்டது என்று அவள் முடிவு செய்துகொண்டாள்.

பார்வை மட்டும் கூர்மையாயிற்று. அவள் முதற்சொட்டைப் பருகும்போது ஆசான் அவள் முகத்தையே உற்று நோக்குவார். இமைக்கமாட்டார். குற்றம் தேடுகிறார் என்று சேந்தி எண்ணினாள். தேடட்டும் என்றும் எண்ணினாள்.

இப்படிப் பதினொரு ஆண்டுகள் போயின.

உதிரன் வந்தது ஒரு தை மாதத்தில். மலைநாட்டவன், முப்பத்தைந்து வயது, காதோரம் நரை. மூங்கில் குழாயைத் திறக்காமலே முகர்ந்து, உள்ளிருப்பது எந்தப் பூவின் தேன் என்று சொல்பவன் எனப் பெயர் பெற்றவன். கண்ணந்தையே ஆள் அனுப்பி அவனை வரவழைத்தார்.

சேந்திக்குத் தைத்த முதல் முள் அது. அவளை யாரும் வரவழைத்ததில்லை.

வந்த அன்றே அவன் கையில் ஒரு குவளை தரப்பட்டது.

"என்ன தெரிகிறது?" என்றார் ஆசான்.

"முதலில் புகை. பிறகு அத்திப்பழத்தின் தோல். சாம்பல் மண்ணில் வளர்ந்த கொடி. ஆனால் மலையின் மேல்சரிவு அல்ல, கீழ்ச்சரிவு. தண்ணீரைச் சற்று அதிகமாகக் குடித்திருக்கிறது."

முதற்சொட்டைப் பருகி நின்ற சேந்தியை ஆசான் ஒரு கணம் பார்த்தார். பிறகு உதிரனைப் பார்த்தார்.

"ஆகா!"

அன்று முதல் அவள் எண்ணத் தொடங்கினாள். தையில் மூன்று ஆகா. மாசியில் ஐந்து. பங்குனியில் அவன் ஒரு பேரீச்சை மதுவைத் தவறாகச் சொன்னபோது ஆசான் வாய்விட்டுச் சிரித்தார். அவளுக்குத் தவறு நேர்ந்ததே இல்லை. ஆகவே அந்தச் சிரிப்பும் அவளுக்குக் கிடைத்ததில்லை.

உதிரன் குவளையை விளிம்பில் பிடிப்பதை வெறுத்தாள். பொரியைக் கொறித்து நாவைத் துடைக்கும்போது அவன் கண்ணை மூடிக்கொள்வதை வெறுத்தாள். அவன் நல்லவனாக இருந்ததை எல்லாவற்றுக்கும் மேலாக வெறுத்தாள். கெட்டவனாக இருந்திருந்தால் வேலை எளிதாக இருந்திருக்கும்.

"அக்கா, சற்று நகருங்களேன். வெளிச்சத்தை மறைக்கிறீர்கள்" என்றான் ஒரு காலை, குவளையைச் சாளரத்தின் பக்கம் சாய்த்தபடி.

"பதினெட்டு ஆண்டுகளாக நான் நிற்கும் இடம் இது. வெளிச்சத்தை நீ மலையிலிருந்தே கட்டிக்கொண்டு வந்திருக்கலாம்."

"வந்தேனே! ஆசான் நாள்தோறும் ஆகா என்கிறாரே, பார்க்கவில்லையா?"

விளையாட்டாகத்தான் சொன்னான். அவள் அதை நான்கு மாதம் மென்றாள்.

இன்னொரு நாள் கேட்டான்: "அக்கா, நீங்கள் ஏன் பெயரிடுவதில்லை?"

"யாரும் கேட்கவில்லை."

"நான் கேட்கிறேனே. இது என்ன, சொல்லுங்கள்." குவளையை நீட்டினான்.

"உனக்குத் தெரியாவிட்டால் ஆசானைக் கேள்" என்று சொல்லிவிட்டு உமிழ்தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கோபம் பொறுக்காமல் ஒரு நாள் ஆசானின் கஞ்சியில் இரண்டு பிடி உப்பைக் கூடுதலாகப் போட்டாள். ஆசான் குடித்து முடித்தார், கலயத்தைக் கீழே வைத்தார், எழுந்து போனார். அதே கஞ்சியில் ஒரு வாய் வைத்த உதிரன் வெளியே ஓடித் துப்பினான்.

தன் கோபம்கூட அவருக்கு ஒரு பொருட்டில்லை என்று சேந்தி புரிந்துகொண்டாள்.

ஆடி பிறந்தபோது கண்ணந்தை இருவரையும் அழைத்தார். அவருக்கு முன்னால் வெண்கலக் கிண்ணம் இருந்தது. கொட்டிலில் மற்றவர்கள் சுவைத்தது மண்குவளையில். வெண்கலக் கிண்ணம் பெயரிடுபவருக்கு மட்டும் உரியது.

"முதல் கப்பல் வரும் நாளில் இந்தக் கிண்ணம் கை மாறும்" என்றார். "அன்று உதிரனைச் சோதிக்கப் போகிறேன்."

உதிரன் தலை குனிந்தான். சேந்தியின் காதுகள் சூடேறின.

அவன் வெளியே போனபின் அவள் அங்கேயே நின்றாள்.

"ஆசானே, என்னைச் சோதிக்கமாட்டீர்களா?"

"உன்னை எதற்கு? நீ சாடியைத் திற."

 ஏன் என்று அவள் கேட்கவில்லை.

புரட்டாசியில் முதல் கப்பல் வந்தது. அதன் மீகாமன் தியோன் என்ற யவனன். இருபது பருவங்களாக வருபவன். தமிழைக் கல் கடிப்பதுபோல் கடித்துப் பேசுபவன். சோதனைக்குச் சாட்சியாக அவனை உட்காரவைத்தார்கள்.

சென்ற பருவத்தில் ஆசானே பெயரிட்டு ஒதுக்கிய நான்கு சிறு சாடிகள் உள்ளறையில் இருந்தன. முதலாவது சாம்பல் மண். இரண்டாவது பேரீச்சை. மூன்றாவதும் நான்காவதும் ஒரே தீவு. ஆனால் தோட்டங்கள் வேறு, உடையவர்கள் வேறு. மேட்டுத் தோட்டத்து மதுவில் மழை பட்ட கல்லின் மணம் இருக்கும். கரைத் தோட்டத்து மதுவில் வெயிலில் காய்ந்த வலையின் மணம் இருக்கும். மற்ற எல்லாம் ஒன்றே. இரண்டையும் பிரித்தறிபவர்கள் அந்தத் துறையில் மூவர்.

சேந்தி நான்கையும் குடுவைகளில் முழுவதுமாக வார்த்தாள். காலிச் சாடிகளைக் கடல்நீரில் அலசிக் கவிழ்த்தாள். ஓலைகளை எழுதினாள். மேட்டுத் தோட்டத்தின் ஓலையைக் கரைத் தோட்டத்துக் குடுவையிலும், கரைத் தோட்டத்தின் ஓலையை மேட்டுத் தோட்டத்துக் குடுவையிலும் கட்டினாள்.

கை நடுங்கவில்லை. அதை இங்கே சொல்லியாக வேண்டும்.

சோதனை தொடங்கிற்று. ஒவ்வொரு குடுவையிலும் அவள் முகம் அசையாமல் முதற்சொட்டைப் பருகினாள், உதிரன் சுவைத்தான்.

"சாம்பல் மண், மேல்சரிவு. பேரீச்சை, பாலைக்கரை." மூன்றாவதில் சற்று நேரம் எடுத்துக்கொண்டான். "தீவு, மேட்டுத் தோட்டம்." நான்காவதை உமிழும் முன்பே புன்னகை வந்துவிட்டது. "அதே தீவு, கரைத் தோட்டம். வலை நாறுகிறது."

தியோன் சுருள்களைப் பிரித்தான். முதல் இரண்டுக்கும் தலையசைத்தான். மூன்றாவதைப் பிரித்தவன் தொடையில் தட்டிச் சிரித்தான்.

"மலைக்காரா! நாக்கை மலையிலே வைத்து வந்தாயோ? இது கரை. அது மேடு."

உதிரன் மீண்டும் மூன்றாம் குடுவையிலிருந்து வார்த்துச் சுவைத்தான். நான்காவதையும் சுவைத்தான்.

"ஓலைகள் இடம் மாறியிருக்கின்றன" என்றான் மெதுவாக. "நான் யாரையும் குறை சொல்லவில்லை. கை தவறியிருக்கலாம்."

"இந்த அம்மாள் கை தவறுமா? நான் கிழவன் ஆனேன், பார்த்ததில்லை."

உதிரன் அவள் பக்கம் திரும்பினான். "அக்கா, நீங்கள் பருகினீர்களே. உங்களுக்குத் தெரியும். சொல்லுங்கள்."

"நான் சாடி திறப்பவள்" என்றாள் சேந்தி. "பேச எனக்கு உரிமையில்லை."

பதினெட்டு ஆண்டுகளாக அவள் வாயை அடைத்திருந்த முறை, அன்று முதன்முறையாக அவளுக்கு உதவியது.

ஓலையும் நாவும் மோதினால் ஆசான் தீர்ப்பார். தோற்றவர் தம் குவளையை உடைத்துவிட்டு வெளியேற வேண்டும். அதுவும் அங்குள்ள முறை. கண்ணந்தை வெண்கலக் கிண்ணத்தை நீட்டினார். சேந்தி மூன்றாம் குடுவையிலிருந்து வார்த்தாள். வார்க்குமுன் முதற்சொட்டைப் பருகினாள். மழை பட்ட கல்லின் மணம் மூக்கில் ஏறிற்று. அவர் வழக்கம்போல் அவள் முகத்தையே பார்த்தார். இன்று அவருக்கு எதுவும் அகப்படக் கூடாது என்று அவள் தீர்மானித்திருந்தாள். கண்ணைக் கல்லாக்கினாள். உதட்டைக் கல்லாக்கினாள்.

ஆசான் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது.

பிறகு குடித்தார்.

"ஓலை சொல்வதே சரி."

 உதிரன் தன் மண்குவளையைக் கல்லில் தட்டினான். உடைந்த ஓடுகளைக் குனிந்து தானே பொறுக்கினான். வாசலில் அவளைக் கடக்கும்போது ஒரு கணம் நின்றான்.

"உங்களுக்குத் தெரியும், அக்கா" என்றான். மலைப்பாதையில் நடந்துவிட்டான்.

தியோன் கப்பலுக்குத் திரும்பினான். கொட்டிலில் இருவர் மிஞ்சினார்கள்.

சேந்தி வென்றுவிட்டாள். குடுவைகளைக் கழுவ எடுத்தாள். மூன்றாம் குடுவையில் அடி மது மிச்சம் இருந்தது. விரலில் தொட்டு நாவில் வைத்தாள். மேட்டுத் தோட்டம்; எந்த ஐயமும் இல்லை. மேட்டுத் தோட்டம் எது, கரைத் தோட்டம் எது என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தவரே கண்ணந்தைதான். அவர் அதைத் தவறவிட முடியாது.

குடுவையைக் கீழே வைத்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஆசானே, மூன்றாம் குடுவையை நீங்கள் உண்மையிலேயே சுவைத்தீர்களா?"

கண்ணந்தை கிண்ணத்தைக் கையில் எடுத்தார். எழுந்தார். மூலையில் காடிப்பானை இருந்தது. புளித்துக் கெட்ட மதுவையெல்லாம் அதில்தான் கொட்டுவார்கள். துறையில் செப்புப் பாத்திரம் துலக்குபவர்கள் வந்து வாங்கிப்போவார்கள். வெண்கலக் கிண்ணத்தை அதற்குள் விட்டு முழுக்க மொண்டார். அவள் கண் முன்னால், ஒரு மிடறும் நிறுத்தாமல் குடித்தார். பருவத்தின் முதல் திராட்சை மதுவைக் குடிப்பவரைப் போல அமைதியாகக் குடித்தார்.

பார்த்துக்கொண்டிருந்த சேந்தியின் பற்கள் கூசின, கண் சுருங்கிற்று, தோள்கள் தாமாகக் குலுங்கின.

ஆசான் கிண்ணத்தை இறக்கினார்.

"காடி" என்றார்.

"உங்களுக்குப் புளிக்கவில்லையா?"

"எனக்கு இல்லை. புளிப்பு, இதோ, உன் முகத்தில் எழுதியிருக்கிறதே."



"அந்தக் காய்ச்சலா?" என்றாள்.

"அந்தக் காய்ச்சல்தான். எழுந்தபோது நாக்கில் ஒன்றுமில்லை. மூக்கிலும் இல்லை. மண்ணுக்கும் மதுவுக்கும் வேறுபாடு தெரியவில்லை."

"பதினொரு ஆண்டுகள்."

"சாம்பல் மண்ணுக்கு உன் உதடு இறுகும். பேரீச்சைக்கு இடது புருவம் ஏறும். தீவின் மேட்டுத் தோட்டம் என்றால் நீ ஒரு மூச்சு அதிகமாக இழுப்பாய். கரைத் தோட்டம் என்றால் மூக்கு சுளிக்கும். வலையின் வாடை உனக்குப் பிடிக்காது. எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை."

"இன்று?"

"இன்று நீ முகத்தைச் சாத்திவிட்டாய். இருட்டில் நின்றேன். எனக்கு மிஞ்சியது உன் கை கட்டிய ஓலை ஒன்றுதான். அதை நம்பினேன்."

வெளியே கப்பலிலிருந்து சாடிகளை இறக்கும் ஆட்களின் கூச்சல் கேட்டது.

"ஓலையை நான் மாற்றிக் கட்டினேன்" என்றாள் சேந்தி.

"நீ அந்தக் கேள்வியைக் கேட்டபோதே தெரிந்துவிட்டது."

"கிண்ணம் அவனுக்குப் போகக் கூடாது என்று செய்தேன்."

"கிண்ணம் அவனுக்கு என்று யார் சொன்னது?"

"நீங்கள்! முதல் கப்பல் நாளில் கிண்ணம் கை மாறும் என்றீர்கள். அன்று உதிரனைச் சோதிப்பேன் என்றீர்கள்."

"இரண்டும் சொன்னேன். இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை." அவர் கிண்ணத்தை மேல்துணியால் துடைத்தார். "கிண்ணம் உன் கைக்கு வந்தால், சாடி திறக்க வேறு ஆள் வேண்டாமா? முதற்சொட்டைப் பருகுபவனுக்குப் பொய் சொல்லாத நாக்கு இருக்க வேண்டும். உனக்காகத்தான் எட்டு மாதம் அவனைப் பழக்கினேன்."

சேந்தி மலைப்பாதையின் பக்கம் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

"இதை முன்பே என்னிடம் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லவில்லை?"

"வெட்கம். கண்ணந்தையின் நாக்கு என்று துறை முழுவதும் பேச்சு. அந்த நாக்கு ஒரு பெண்ணின் முகத்தில் இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வேன்?"

"என் முகத்தைத் திருடினீர்கள்."

"ஆம்."

அவர் மறுக்காதது அவளுக்கு இன்னும் எரிச்சலூட்டியது. மறுத்திருந்தால் கத்தியிருப்பாள். கத்துவதற்கு வைத்திருந்த மூச்செல்லாம் ஒரு கேள்வியாகச் சுருங்கிற்று. அது தை மாதத்துக் கேள்வி அல்ல. பதினொரு ஆண்டுப் பழையது.

"அவனுக்கு அத்தனை ஆகா. எனக்கு ஒன்று, ஒரே ஒன்று, ஏன் இல்லை?"

கண்ணந்தை வெண்கலக் கிண்ணத்தை அவள் கையில் வைத்தார். அதில் இன்னும் காடி மணத்தது. அந்த மணம் அவளுக்கு மட்டுமே தெரிந்தது.

"தன் நாக்கைத் தானே புகழ்பவன் உண்டா, சேந்தி?"



மறுநாள் அவள் மலைக்கு நடந்தாள். மூன்றாம் நாள் உதிரனைக் கண்டாள், நடந்ததைச் சொன்னாள். அவன் குடிக்கத் தண்ணீர் தந்தான், உடன் வரவில்லை. துறைக்குத் திரும்பியதும் தியோனிடமும் சொன்னாள். அவன் அந்தப் பருவத்தின் மீதிச் சாடிகளை வேறு துறையில் இறக்கினான். அடுத்த பருவம் அவளிடமே வந்தான், அவளுடையது போன்ற நாக்கு வேறு எங்கும் கிடைக்கவில்லை என்பதால். பதினான்கு ஆண்டுகள் கிண்ணம் அவளிடம் இருந்தது. சாடி திறக்க எவரும் அமையவில்லை. அவளே திறந்து, அவளே முதற்சொட்டைப் பருகி, அவளே பெயரிட்டாள். அவள் பெயரிட்டவற்றைத் துறையிலுள்ளவர்கள் கடைசிவரை கண்ணந்தை சொன்ன பெயர் என்றே சொன்னார்கள். ஒரு மழைக்காலத்தில், ஐம்பத்தெட்டாம் வயதில் இறந்தாள். அவளைக் கடற்கரையில் எரித்தார்கள். வெண்கலக் கிண்ணம் உருக்கப்பட்டது.